இந்தியன் தாத்தாவும் இரண்டாம் பாகமும்

2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. இந்தியன் 2 வெளியான நாள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒரு விடுதி அறை. காலைக் காட்சி பார்த்துவிட்டு வந்த இரண்டு பேர் காய்ச்சல் வந்தவர்கள் மாதிரி கட்டிலில் விழுந்து கிடந்தார்கள். ஒருவன் ஃபேனைப் பார்த்தபடியே, "மூணு மணி நேரம்டா..." என்றான். அதற்கு மேல் விமர்சனம் எதுவும் தேவைப்படவில்லை.

அறையில் இன்னொருவன் இருந்தான். கடலூர், மஞ்சக்குப்பத்துப் பையன். ஞாயிற்றுக்கிழமைக்குக் கடலூரில் இரண்டு டிக்கெட் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தான். ஒன்று அவனுக்கு, ஒன்று அவன் அப்பாவுக்கு.

"மச்சான், கேன்சல் பண்ணிடு. பாதிக் காசாவது திரும்பி வரும்."

"வராது. அப்படியே வந்தாலும் பண்ண மாட்டேன்."

காரணம் இருந்தது. அவன் அப்பா தியேட்டருக்குப் போகிற ஆள் இல்லை. டிவியில் படம் ஓடினால் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். ஆனால் ஒரே ஒரு படத்தைப் பற்றி மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார். 1996 மே மாதம் வந்த இந்தியன். அதில் சேனாபதி இடுப்பு பெல்ட்டை உருவும் இடம் வந்தால் இப்போதும் சாப்பாட்டுக் கை அப்படியே நிற்கும். அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு அவரைக் கூட்டிப்போகிறேன் என்று பையன் வாக்குக் கொடுத்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். படப்பிடிப்பு தொடங்கியது 2019இல். 2020 பிப்ரவரியில் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். பிறகு கொரோனா, பிறகு தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் கோர்ட் வழக்கு. படம் வருவதற்குள் பையன் பள்ளி முடித்து கல்லூரியில் பாதி தாண்டிவிட்டான்.

அன்று ராத்திரி அறையில் பெரிய பட்டிமன்றம். தலைப்பு: இரண்டாம் பாகம் எதுவாவது தேறியிருக்கிறதா? நடுவர் கிடையாது, மணி அடிப்பவர் கிடையாது. டீ மட்டும் இருந்தது.

தேறவே தேறாது என்ற கட்சிக்கு உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. சாமி 2003இல் வந்தது, சாமி ஸ்கொயர் 2018இல். சண்டக்கோழி 2005, அதன் இரண்டாம் பாகமும் 2018. விஸ்வரூபம் 2013, இரண்டாவது அதே 2018. (அந்த வருஷம் என்ன தோஷமோ.) பில்லா 2 இன்னொரு வகை. பின்கதை இல்லை, முன்கதை. அஜித் கோட்டு போடுவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னார்கள். அமைதிப்படையைத் தொடர்ந்து மணிவண்ணன் 19 வருஷம் கழித்து நாகராஜ சோழன் எடுத்தார். அமாவாசையின் நக்கல் சத்யராஜிடம் அப்படியே இருந்தது. ஆனால் தேங்காய் பொறுக்குகிறவன் படிப்படியாக எம்.எல்.ஏ. ஆனதைப் பார்ப்பதுதான் முதல் படத்தின் ருசி. ஏற்கெனவே ஆகிவிட்டவனை மறுபடி பார்ப்பதில் அந்த ருசி எங்கிருந்து வரும்?

எதிர்க்கட்சியிடமும் சரக்கு இருந்தது. முனி 2007இல் வந்தது, நினைவில் இருப்பவர்கள் குறைவு. அதன் இரண்டாம் பாகமான காஞ்சனா 2011இல் வந்து சக்கைப்போடு போட்டது. சரத்குமார் திருநங்கையாக வந்து உலுக்கிவிட்டார். முதல் பாகத்தை மறக்கடித்த இரண்டாம் பாகம் அது. மலையாளத்தில் த்ரிஷ்யம் இரண்டாவதை (2021) முதல் படத்துக்குச் சமமாக வைப்பவர்கள் நிறையப் பேர். ஹாலிவுட் என்றால் யாராவது ஒருவர் காட்ஃபாதர் இரண்டாம் பாகத்தை இழுப்பார், அன்றும் இழுத்தார். அதற்கும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது, முதல் பாகம் மாதிரியே.

தமிழில் இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. 1979இல் கல்யாணராமன், 1985இல் ஜப்பானில் கல்யாணராமன். அதே பல்லு கமல், அதே ஆவி, இந்தத் தடவை ஜப்பானில். முதல் படத்தில் அந்த வெகுளி கொலை செய்யப்படும்போது வயிற்றைப் பிசையும். இரண்டாவதில் ஊர் சுற்றிப் பார்க்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த வித்தியாசத்துக்குள் எல்லாமே இருக்கிறது.

இந்த நேரத்தில் காட்டுமன்னார்கோயில் பையன் எழுந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பொன்னியின் செல்வன் தவிர வேறு சினிமா கிடையாது. ஏனென்றால் கதையே அவன் ஊரில்தான் ஆரம்பிக்கிறது. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது வீராணம் ஏரிக்கரைமேல்தான். பராந்தக சோழனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரால் வந்த ஏரி அது. இன்று சென்னைக்குக் குழாயில் போகும் தண்ணீரில் ஒரு பங்கு அதிலிருந்துதான். கடம்பூரும் பக்கம்தான். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைக் குறிப்பிடும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருப்பது உடையார்குடிக் கோயிலில். அதாவது காட்டுமன்னார்கோயிலிலேயே. கல்கி எழுதியது கதை, கல்வெட்டு எங்கள் ஊரில் இருக்கிறது என்பான். பேசும்போது சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

"2022 செப்டம்பரில் ஒண்ணு, 2023 ஏப்ரலில் ரெண்டு. ரெண்டாவதும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

"அது செகண்ட் பார்ட் இல்லடா, செகண்ட் ஹாஃப்" என்றான் கட்டிலில் கிடந்தவன்.

அந்த ஒரு வரியில் விவாதம் கொஞ்சம் தெளிந்தது. உண்மைதான். பொன்னியின் செல்வன், பாகுபலி, விடுதலை எல்லாம் ஒரே கதையை நடுவில் வெட்டி இரண்டு டிக்கெட் விற்றவை. கட்டப்பா ஏன் கொன்றான் என்று இரண்டு வருஷம் ஊரே கேட்டதென்றால், அது இரண்டு வருஷ இடைவேளை. இந்த வகையில் இரண்டாவது படம் முதல் படத்துக்கு ஈடாகுமா என்று கேட்பது, சாப்பாட்டில் ரசம் சாம்பாருக்கு ஈடாகுமா என்று கேட்பது மாதிரி. ஆனாலும் ஒரு சிக்கல் இதில் உண்டு. முதல் பாதி வாக்குக் கொடுத்தால் போதும், இரண்டாம் பாதி அதைக் காப்பாற்ற வேண்டும். கல்கி 1950இலிருந்து மூன்றரை வருஷம் வாராவாரம் எழுதி ஐந்து பாகத்தில் சொன்னதை முடிக்கும்போது, நாவலில் சேந்தன் அமுதனுக்குப் போகும் மகுடம் படத்தில் வேறு ஆளுக்குப் போனது. நாவலைப் படித்தவர்கள் மனம் ஆறவில்லை. காட்டுமன்னார்கோயில் பையனும் அதை ஒப்புக்கொண்டான், கொஞ்சம் கஷ்டப்பட்டு.

உண்மையான இரண்டாம் பாகம் என்பது வேறு. அங்கே கதை முடிந்துவிட்டது. 'வணக்கம்' போட்டு விளக்கும் போட்டு ஜனங்கள் வீட்டுக்கும் போய்விட்டார்கள். பல வருஷம் கழித்து ஒருவர் வந்து, முடியவில்லை, இன்னும் இருக்கிறது என்கிறார். அப்படிச் சொல்ல அவரிடம் ஏதாவது இருக்க வேண்டும். ஹீரோ பெயர் இன்னும் விற்கும் என்பது மட்டும் போதாது.

த்ரிஷ்யத்தில் அப்படி ஒன்று இருந்தது. பிணத்தைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அடியிலேயே புதைத்துவிட்டு ஜார்ஜுகுட்டி நடந்து போகும்போது படம் முடிந்தது, பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு அப்புறம் அந்த வீட்டில் ராத்திரி யாராவது நிம்மதியாகத் தூங்கினார்களா? இரண்டாம் பாகம் அந்த இடத்தில் இருந்து தொடங்கியது. கேள்வி முதல் படத்திலேயே இருந்தது, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"இதெல்லாம் உங்க ஊர்க்காரர் எப்பவோ பண்ணிட்டார்" என்றான் தமிழ் படிக்கும் நண்பன், கடலூர்ப் பையனைப் பார்த்து.

யார் என்றால் ஜெயகாந்தன். 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். 1966இல் ஆனந்த விகடனில் அவர் எழுதிய சிறுகதை அக்கினிப் பிரவேசம். மழை நாளில் ஒரு கல்லூரிப் பெண் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். கெட்டுப்போய் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா ஒரு கணம் கொதிக்கிறாள், பிறகு ஊருக்குத் தெரியாமல் மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே அழைத்துப் போகிறாள். அந்தக் காலத்தில் இதற்கு நடந்த ரகளை கொஞ்சநஞ்சம் இல்லை. அது எப்படி ஒரு தாய் இப்படிச் செய்வாள் என்று சண்டை.

சரி, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் இருந்தால்? அவள் கூச்சல் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்து, பெண் வாசலுக்கு வெளியே நின்றால்? ஜெயகாந்தன் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு எழுதிய நாவல்தான் சில நேரங்களில் சில மனிதர்கள். அந்த நாவலுக்குள் கங்கா ஒரு பத்திரிகையில் அந்தச் சிறுகதையையே படிக்கிறாள்! தண்ணீர் ஊற்றிய தாயின் கதையை, தண்ணீர் ஊற்றாத தாய்க்குப் பிறந்தவள் படிக்கிறாள். இதைவிடத் துணிச்சலான 'பார்ட் டூ' இன்னும் வந்ததாகத் தெரியவில்லை. 1972இல் நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது. 1977இல் பீம்சிங் படமாக்கினார். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. சிறுகதை இன்றும் நிற்கிறது, நாவல் அதைவிட உயரமாக நிற்கிறது.

ஆனால் அதே ஜெயகாந்தன் கங்காவை விடவில்லை. 1978இல் கங்கை எங்கே போகிறாள் என்று மூன்றாவதாகவும் எழுதினார். அதைப் படித்தவர்கள் குறைவு, முதல் இரண்டைப் போல அதைப் பேசுபவர்கள் அதைவிடக் குறைவு. எழுத்தாளர் அவரேதான், கங்காவும் அவளேதான். ஆனால் சிறுகதைக்கும் நாவலுக்கும் நடுவில் இருந்த அந்தக் கேள்வி, நாவலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இல்லை. நாவலின் முடிவில் சிதைந்து நின்றவளை அப்படியே விட அவருக்கு மனம் வரவில்லை போலும். பாசத்தில் எழுதும் இரண்டாம் பாகமும் பணத்துக்காக எடுக்கும் இரண்டாம் பாகமும் சில சமயம் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன.

பட்டிமன்றம் ஒன்றரை மணிக்கு முடிந்தது. டீ ஆறியிருந்தது.

ஞாயிறு காலை பையன் பஸ்ஸில் புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டிக் கடலூர் போனான். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். கல்யாணத்துக்குப் போடும் சட்டை.

அவருடைய 1996ஐக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு 25 வயது. அரசு வேலையில் இருந்த அவருடைய அப்பா அதற்கு முந்தைய வருஷம் இறந்துபோனார். கருணை அடிப்படையில் மகனுக்கு வேலை கிடைக்க வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அந்தக் காகிதத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்தார் என்பதற்குக் கணக்கில்லை. நாளைக்கு வா, ஐயா லீவு, கையெழுத்தில் ஒரு எழுத்து பிசகு. கடைசியில் வாசலில் இருந்தவர் காதோடு சொன்னதைக் கேட்டு 500 ரூபாயைக் கவரில் போட்டுக் கொடுத்தார். அம்மா மூக்குத்தி அடகுக்குப் போன பணம். மறுநாள் சான்றிதழ் வந்தது. பிசகிய எழுத்து பிசகியபடியே இருந்தது.

சில வாரத்தில் இந்தியன் வந்தது. தமிழ்நாடே ஊழல் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். அதே மே மாதத்தில்தான் ஆட்சியும் மாறியது. தியேட்டரில், தீக்காயத்தோடு கிடக்கும் மகளைக் காப்பாற்ற லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்று நின்ற சேனாபதி, பிறகு அதே டாக்டரைத் தேடிப் போய் வர்மக்கலையில் சுருட்டுகிறார். கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. அந்தக் கூட்டத்தில் இவரும் இருந்தார். விசில் அடிக்கத் தெரியாது. கத்தினார். தொண்டை இரண்டு நாள் கட்டிக்கொண்டது. மொத்தம் ஐந்து தடவை பார்த்தார், ஐந்தாவது தடவை கடன் வாங்கி.

சுஜாதாவின் வசனம், ரஹ்மானின் பாட்டு, கமலுக்குத் தேசிய விருது இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த பெருமை. அவருக்கு அந்தப் படம் 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்த படம்.

படத்தின் முடிவில் சேனாபதி, லஞ்சம் வாங்கி நாற்பது பள்ளிக் குழந்தைகளின் சாவுக்குக் காரணமான சொந்த மகனையே கொல்கிறார். பிறகு வெளிநாட்டில் இருந்து போன் செய்து, தேவைப்பட்டால் வருவேன் என்கிறார். கதவு 1996லேயே திறந்துதான் இருந்தது. உள்ளே வர 28 வருஷம் ஆனது.

ஆக ஞாயிறு மாலைக் காட்சி. தியேட்டரில் பாதிக்கு மேல் காலி. வெள்ளிக்கிழமை பார்த்தவர்கள் ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். விவேக் திரையில் வந்ததும் அப்பா, "செத்துட்டாரேடா" என்றார். நெடுமுடி வேணு வந்தபோதும் அதையே சொன்னார், மனோபாலா வந்தபோது சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். சேனாபதி வந்தார். வயசு நூறைத் தாண்டிய தாத்தா சுவரில் ஏறிக் குதிக்கிறார், ஒற்றைச் சக்கர வண்டியில் பறக்கிறார். 1996இல் அந்த வயோதிகம்தான் பயமுறுத்தியது. குனிந்த முதுகு, நடுங்காத கை. இப்போது முதுகு இல்லை, கிராஃபிக்ஸ் இருக்கிறது. ஒவ்வொரு வில்லனும் தங்கத்தில் கழிப்பறை கட்டியவன் மாதிரி இருக்கிறான். அப்படிப்பட்ட ஆளிடம் யாருக்குமே வேலை இருந்ததில்லை. முதல் படத்தில் வந்தவர்கள் நாம் தினம் பார்க்கும் ஆட்கள்: ஆர்.டி.ஓ. ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஸ்டேஷன். கவர் வாங்கியவரின் முகத்தை அங்கே பொருத்திப் பார்க்கலாம். இங்கே முடியாது.

பையன் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவர் கத்தவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது அவனுக்கு, ஷங்கர் சார்பில்.

ஆனால் படத்தில் ஒரு விஷயம் இருந்தது. மொத்த சத்தத்துக்கும் நடுவில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி. சேனாபதி இளைஞர்களிடம், நாட்டைத் திருத்தும் முன் அவரவர் வீட்டைப் பாருங்கள் என்கிறார். சித்தார்த் வீட்டைப் பார்க்கிறான். லஞ்ச ஒழிப்பில் வேலை பார்க்கும் அவன் அப்பாவே, சமுத்திரக்கனி, லஞ்சம் வாங்குபவர். மகன் காட்டிக் கொடுக்கிறான். அப்பா கைதாகிறார். அம்மா தற்கொலை செய்துகொள்கிறாள். அதுவரை தாத்தாவை வா வா என்று அழைத்த அதே கூட்டம் போ போ என்று துரத்துகிறது.

முதல் படத்தில் அப்பா மகனைத் தண்டித்தார். இரண்டாவதில் மகன் அப்பாவை. எவ்வளவு பெரிய கேள்வி! அம்மா தண்ணீர் ஊற்றியிருந்தால், ஊற்றாமல் இருந்தால் என்பது மாதிரியான கேள்வி. இதை மட்டும் வைத்து ஒரு படம் எடுத்திருக்கலாம். எடுத்தவர்கள் அதைக் கடந்து அடுத்த சண்டைக்கு ஓடிவிட்டார்கள். படம் கடைசியில் முடியக்கூட இல்லை, மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் காட்டி அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் அப்பா, "சில்வர் பீச் போலாமா?" என்றார். அவர் அப்படிக் கேட்கிற ஆளும் இல்லை. வண்டியில் போகும்போது இருவரும் பேசவில்லை. தேவனாம்பட்டினத்தில் கூட்டம் குறைந்திருந்தது. சுண்டல் வாங்கினார்கள்.

"நல்லா இல்லப்பா, சாரி" என்றான் பையன்.

"படத்த விடு."

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். 2004 ஆகஸ்டு. பையன் குறைமாதத்தில் பிறந்தான். தனியார் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். ஏழாம் நாள் கையில் இருந்தது எல்லாம் தீர்ந்துவிட்டது. அன்று அலுவலகத்தில் பட்டா மாற்றலுக்காக அலைந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், பக்கத்து கிராமம், தானாகவே ஒரு கவரை மேஜையில் வைத்தார். அதில் 3,000 ரூபாய். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது என்றார். எடுத்துக்கொண்டதும் அதே கைதான் என்றார்.

"அந்த ஆளு மூஞ்சி நல்லா ஞாபகம் இருக்கு. மேல் பட்டன் இல்லாத சட்டை. நான் அந்த வயசுல எப்படிப் போய் நின்னனோ அப்படியே நின்னாரு."

அதற்கு முன் இல்லை, அதற்குப் பின் இல்லை என்றார். பையன் நம்பினான். நம்பாமல் இருக்கவும் ஒரு கணம் முயன்றான், சித்தார்த் மாதிரி. 2018இல் திருத்திய சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளிதான், கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டும் தப்பலாம் என்று அவன் எங்கோ படித்திருந்தான். 1996இல் கொடுத்தவரும் 2004இல் வாங்கியவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? அந்தப் பணத்தில் ஓடிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவன் போடலாமா?

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"உங்கம்மாவுக்கா? தெரிஞ்சா அன்னிக்கே பெட்டியிலேருந்து உன்னத் தூக்கிட்டு வந்திருப்பா."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்திருக்கக் கூடாதுதான்.

அப்பா அந்தப் பெரியவரைப் பிறகு தேடிப் போயிருக்கிறார். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதே, அதற்கு அடுத்த மாதம் அந்தப் பக்கம் வேலையாகப் போனவர் வீட்டை விசாரித்திருக்கிறார். ஆள் இறந்து மூன்று வருஷமாகிவிட்டது. மகன் பிழைப்புக்குத் திருப்பூர் போய்விட்டான். 3,000 ரூபாயைப் பையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தார். "இந்தியன் படத்த அஞ்சு தடவ பாத்தவன் நான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பையன் எதுவும் சொல்லவில்லை. சுண்டல் காகிதத்தை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போனதும் அம்மா, படம் எப்படி என்றாள். மொக்கை என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

சிதம்பரத்தில் அறை நண்பர்களுக்கும் அதே பதில். "சொன்னோம்ல?" என்றார்கள். தமிழ் படிக்கும் நண்பன் மட்டும் சில நேரங்களில் சில மனிதர்களை அவன் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். பரீட்சை நேரத்தில் எதற்கு என்று திட்டிக்கொண்டே இரண்டு ராத்திரியில் முடித்தான்.

அடுத்த வாரம், விமர்சனம் தாங்காமல் படத்தில் 12 நிமிடம் குறைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று ராத்திரி அப்பா போன் செய்தார். சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா எல்லாம் முடிந்தது.

"பன்னெண்டு நிமிஷம் வெட்டிட்டாங்களாமே. எந்த சீனுடா?"

"தெரியலப்பா. பாட்டு, சண்டை, அந்த மாதிரி இருக்கும்."

"அந்தப் பையன் அப்பன புடிச்சிக் குடுக்கறது?"

"அது இருக்கும்பா. அத எடுத்தா கதையே இல்ல."

"ம்... இருக்கட்டும்" என்றார் அப்பா. பிறகு, வெள்ளிக்கிழமை ஊருக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லு, மீன் வாங்கணும் என்று வைத்துவிட்டார்.